பெயர் ஒன்று, ஸ்பெல்லிங் வேறு: ஒத்த சொற்களைக் கணினி எப்படிப் பொருத்துகிறது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஒரு பட்டியலில் ‘இலட்சுமி’ என்று இருக்கிறது, இன்னொன்றில் ‘லக்ஷ்மி’. அப்பா பெயர், ஊர், பிறந்த தேதி எல்லாம் ஒன்றுதான். நாம் பார்த்த மாத்திரத்தில் ஒரே ஆள் என்று சொல்லிவிடுவோம். கணினி சொல்லாது. பட்டியல்களை ஒன்றுசேர்க்கும் வேலையில் இருப்பதால் இதைப் பற்றி என்னிடம் பலரும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நமக்குத் தெரிவது கணினிக்கு ஏன் தெரியவில்லை?

கணினிக்கு எழுத்து என்பது வெறும் எண். எண்கள் சமமாக இருக்கும், அல்லது இருக்காது. ‘ஏறக்குறைய அதே பெயர்’ என்ற பேச்சே அதனிடம் கிடையாது. ஆகவே எது எதற்கு எவ்வளவு நெருக்கம் என்பதை நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

சொல்லிக்கொடுப்பதற்கு முன், பிழை எங்கிருந்து வந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். காதால் கேட்டு எழுதியதில் வரும் பிழை ஒரு வகை. தட்டச்சில் விரல் தவறுவது இன்னொரு வகை. பழைய தாளை ஸ்கேன் செய்து படிக்கும்போது கண், அதாவது ஓசிஆர் மென்பொருள், ஏமாறுவது மூன்றாவது. காதுப்பிழைக்கான மருந்து கண்பிழைக்குப் பிடிக்காது. ‘எந்த அல்காரிதம் சிறந்தது’ என்று கேட்பவர்களிடம் நான் முதலில் இதைத்தான் திருப்பிக் கேட்பேன்.

சவுண்டெக்ஸ் என்று சொல்கிறார்களே, அது என்ன?

கணினிக்கு முந்திய சங்கதி. அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் 1918-இல் காப்புரிமை பெற்ற முறை; மார்கரெட் ஓடெல் அதில் அவருடன் சேர்ந்து உழைத்தவர். அலமாரியில் அட்டைகளை அடுக்கும் காலம் அது. ஸ்பெல்லிங் வேறாக இருந்தாலும் ஒலி ஒன்றானால் அட்டைகள் பக்கத்துப் பக்கத்தில் விழ வேண்டும் என்பதே நோக்கம்.

செய்முறை எளிது. பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். மற்றவற்றில் உயிரெழுத்துகளையும் ஹெச், டபிள்யூ, ஒய் மூன்றையும் விட்டுவிட்டு, மெய்களுக்கு எண் போட வேண்டும்: பி, எஃப், வி போன்ற இதழ் எழுத்துகளுக்கு 1, சி, ஜி, கே, எஸ் கூட்டத்துக்கு 2, டி (D), டி (T) இரண்டுக்கும் 3, எல் 4, எம், என் இரண்டுக்கும் 5, ஆர் 6. மூன்று எண் சேர்ந்ததும் நிறுத்திவிடலாம். ராபர்ட், ரூபர்ட் இரண்டுமே ‘ஆர்163’ ஆகிவிடும்.

1930-களில் இது பெரிய வேலைக்குப் பயன்பட்டது. சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் வாங்க வயதுக்குச் சான்று வேண்டும். பலரிடம் பிறப்புச் சான்றிதழே இல்லை. பழைய மக்கள்தொகைக் கணக்கில் அவர்கள் பெயரைத் தேடித்தான் வயதைச் சொல்ல முடியும். அதற்காகக் கணக்கேட்டுப் பெயர்களைச் சவுண்டெக்ஸ் முறையில் அட்டைகளாக்கினார்கள். 1880-ஆம் ஆண்டுக் கணக்கில் பத்து வயதும் அதற்குக் குறைவுமான பிள்ளைகள் இருந்த வீடுகளை மட்டும் எடுத்தார்கள். அந்தப் பிள்ளைகள்தானே 65-ஐ எட்டிக்கொண்டிருந்தார்கள்!

தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் கொடுத்தால் சவுண்டெக்ஸ் வேலை செய்யுமா?

பாதி வேலை செய்யும். செல்வம் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலும் ‘எஸ்’ போட்டு எழுதுவார்கள். இலங்கையில் ‘சி-ஹெச்’ போட்டு எழுதுவதும் வழக்கம். செல்வநாயகம் என்ற தலைவரின் பெயர் ஆங்கிலத்தில் அப்படித்தான் இருக்கிறது. சவுண்டெக்ஸில் ஒன்று ‘எஸ்415’, மற்றது ‘சி415’. எண்கள் அச்சாக ஒன்று; முதல் எழுத்து வேறு என்பதால் இரண்டும் வெவ்வேறு அலமாரிக்குப் போய்விடும். துரை ‘டி-ஹெச்’சில் (TH) தொடங்கினால் ஒரு பக்கம், ‘டி’யில் (D) தொடங்கினால் வேறு பக்கம். கணேசன் ‘ஜி’யா ‘கே’யா? அதே கதை.

கனிமொழி இன்னும் சிக்கல். கடைசி ழகரத்தை ‘இசட்-ஹெச்’ என்று எழுதினால் எண் 2. ‘எல்’ என்று எழுதினால் 4. வெற்றிவேலைத் தமிழ்நாட்டில் ‘டி-ஆர்’ போட்டு எழுதுகிறோம், யாழ்ப்பாணத்தார் உச்சரிப்புப்படி இரட்டை ‘டி’ போட்டு எழுதுவார்கள். ஆங்கிலக் காது இதையெல்லாம் வேறு வேறு பெயராகத்தான் கேட்கும்.

என் வழி இது: ஆங்கில ஸ்பெல்லிங்குகளை ஆங்கிலத்திலேயே ஒப்பிடாதீர்கள். இரண்டையும் தமிழுக்குத் திருப்பிக் கொண்டுவந்து, தமிழில் ஒப்பிடுங்கள். தமிழ் எழுத்தே ஒரு வகைச் சவுண்டெக்ஸ்தான். ஒரே ‘க’ மூன்று ஆங்கில எழுத்துகளின் வேலையைப் பார்க்கிறது, ‘ச’வும் அப்படித்தான். செல்வம் எந்த ஸ்பெல்லிங்கில் வந்தாலும், துரை எந்த ஸ்பெல்லிங்கில் வந்தாலும், தமிழில் ஒன்றாகிவிடும்.

இந்தக் குறை மற்ற மொழிக்காரர்களுக்கு வரவில்லையா?

வந்தது. கேரி மோகோடாஃப் என்பவர் பாலஸ்தீனத்தில் பெயர் மாற்றிக்கொண்ட யூதர்களின் பட்டியலுக்கு அகரவரிசை தயாரித்தபோது, ‘மாஸ்கோவிட்ஸ்’ என்ற ஒரே குடும்பப் பெயர் நடுவில் ‘டபிள்யூ’ வந்தால் ஓரிடத்துக்கும் ‘வி’ வந்தால் வேறிடத்துக்கும் போவதைப் பார்த்தார். ஸ்லாவிய, ஜெர்மானிய ஸ்பெல்லிங்குகளுக்கு ஏற்றபடி 1985-இல் அவர் ஒரு முறை வகுத்தார். ராண்டி டேச் அதைச் செம்மைப்படுத்தினார். இருவர் பெயரிலும் அது வழங்குகிறது. ஆங்கிலத்துக்கே லாரன்ஸ் பிலிப்ஸ் 1990-இல் ‘மெட்டாஃபோன்’ என்பதைக் கொடுத்தார். ஆங்கிலத்தில் எந்த எழுத்துக்கூட்டம் எப்படி ஒலிக்கும் என்ற விதிகள் அதில் அதிகம். நமக்கு அது இன்னும் கெடுதல். ஆங்கில உச்சரிப்பு விதிகளைத் தமிழ்ப் பெயர் மேல் ஏற்றிவிடும்.

டேட்டாபேஸிலேயே சவுண்டெக்ஸ் இருக்கிறதே. தமிழ் எழுத்தை நேரடியாகக் கொடுத்தால்?

வேண்டாம். மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸில் இருக்கும் சவுண்டெக்ஸ், ஆங்கில 26 எழுத்துகளுக்கு வெளியே உள்ள எந்த எழுத்தையும் உயிரெழுத்தாகவே எண்ணும் என்று அதன் கையேடே சொல்கிறது. அதாவது தொல்காப்பியர் மெய், உயிர்மெய் என்று பிரித்ததெல்லாம் அதற்கு ஒரே ‘ஆ…’ தான். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸின் கையேடும் யூடிஎஃப்-8-க்கு (தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளையும் கணினியில் சேமிக்கும் முறை) இதை நம்ப வேண்டாம் என்று எச்சரிக்கிறது.

அப்படியானால் தமிழுக்கு ஒலிக்குறி (சவுண்டெக்ஸ் போல ஒலியைச் சுருக்கிக் காட்டும் குறி) எப்படிச் செய்வது?

பள்ளியில் படித்த மயங்கொலி எழுத்துகளிலிருந்து தொடங்கலாம். ல, ள, ழ மூன்றும் ஒன்று. ர, ற ஒன்று. ந, ண, ன ஒன்று. ஜ, ஸ, ஷ மூன்றையும் சகரத்தில் சேர்த்துவிடலாம். இரட்டித்த மெய்யை ஒற்றையாக்குங்கள். நெடிலைக் குறிலாக்குங்கள்.

அடுத்தது, தமிழ் மரபு கேட்கும் விதிகள். ர, ல இரண்டும் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் முன்னால் ஓர் உயிரைப் போட்டு எழுதும் வழக்கம் இருக்கிறது: இராமன், இலட்சுமி, அரங்கன், உலோகநாதன். அந்த முன்னுயிரை நீக்கிவிட வேண்டும். ‘க்ஷ’ வந்தால் ‘ட்ச’ ஆக்க வேண்டும். ஐகாரத்தை ‘அய்’ என்று விரிக்க வேண்டும். இந்த இரண்டும் ஒன்றுபோல ஒலிக்கும் என்று நன்னூலே சொல்லிவிட்டது.

மெய்களை மட்டும் வைத்துப் பார்ப்போம். லட்சுமி, ‘ல-ட-ச-ம’. இலட்சுமியில் இகரம் போனால் ‘ல-ட-ச-ம’. லக்ஷ்மியில் க்ஷ மாறினால் ‘ல-ட-ச-ம’. செட்டிநாட்டுப் பக்கம் எழுதும் லெட்சுமியும் ‘ல-ட-ச-ம’. லச்சுமி மட்டும் ‘ல-ச-ம’ என்று ஒதுங்கி நிற்கிறாள். எல்லோரையும் ஒரே விதியில் பிடிக்க முடியாது. அவளுக்குக் கீழே சொல்லப்போகும் தொலைவுக் கணக்குதான் வேண்டும்.

எழுத்துகளை இனமாகச் சேர்க்கும் யோசனை நமக்குப் புதிதில்லை என்பதையும் இடையில் சொல்லிவிடுகிறேன். யாப்பில் மோனை பார்க்கும்போது அ, ஆ, ஐ, ஔ ஓர் இனம். ச, த ஓர் இனம். ஞ, ந ஓர் இனம். ம, வ ஓர் இனம். ரஸ்ஸல் அட்டைக்குச் செய்ததை நம் ஆட்கள் செய்யுளுக்குச் செய்துவைத்திருக்கிறார்கள். அதற்காக மோனை இனத்தை அப்படியே பெயர்ப் பட்டியலில் போட்டுவிடாதீர்கள். சங்கரனும் தங்கராசும் கலந்துவிடுவார்கள்.

ள, ல எல்லாவற்றையும் ஒன்றாக்கினால் பள்ளியும் பல்லியும் ஒன்றாகிவிடாதா?

ஆகும். வாழைமரமும் வாளை மீனும், கறியும் கரியும், மணமும் மனமும் ஒன்றாகும். ஆட்பெயர்களுக்கு இது பெரிய தொல்லை இல்லை. பொதுச் சொல் தேடலுக்குத் தொல்லைதான். அங்கே ஒலிக்குறியை வைத்துச் சொற்களைக் கூப்பிடலாம், ஆனால் வரிசையில் நிறுத்தும்போது சரியான எழுத்துள்ள சொல்லை முன்னால் நிறுத்துங்கள். ‘பள்ளி’ என்று தேடியவருக்குப் பள்ளிகள் முழுவதும் வந்து தீர்ந்த பிறகு, வேண்டுமானால், பல்லி வரட்டும்.

திருத்தத் தொலைவு என்றால் என்ன?

ஒரு சொல்லை இன்னொன்றாக மாற்ற எத்தனை முறை கை வைக்க வேண்டும் என்ற கணக்கு. ஓர் எழுத்தைச் சேர்க்கலாம், நீக்கலாம், மாற்றலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. ரஷ்யக் கணிதவியலாளர் விளாதிமிர் லெவன்ஷ்டைன் 1965-இல் வெளியிட்டது. அதற்கு ஓராண்டு முன்பே ஃபிரெடரிக் டாமெரா என்பவர், ஸ்பெல்லிங் பிழைகளில் 80 சதவீதத்துக்கு மேல் ஒரே ஓர் எழுத்தில் நடக்கும் தவறு, அல்லது அடுத்தடுத்த இரண்டு எழுத்துகள் இடம் மாறுவது என்று கண்டு சொல்லியிருந்தார்.

‘கருப்பையா’, ‘கறுப்பய்யா’ இரண்டையும் எடுங்கள். ‘ரு’ என்பது ‘று’ ஆக வேண்டும், ஒன்று. ‘பை’ என்பது ‘ப’ ஆக வேண்டும், இரண்டு. ‘ய்’ சேர வேண்டும், மூன்று. ஐந்தெழுத்துப் பெயரில் மூன்று திருத்தம். காதுக்கு வித்தியாசமே தெரியாத பெயருக்கு இது அநியாயம். அதனால்தான் மேலே சொன்ன ஒலி விதிகளை முதலில் ஓட்டிவிட்டு, அப்புறம் தொலைவைக் கணக்கிடச் சொல்கிறேன். அந்த விதிகளுக்குப் பிறகு இந்த இரண்டுக்கும் தொலைவு பூஜ்யம்.

இன்னொரு வழியும் உண்டு: எல்லா மாற்றத்துக்கும் ஒரு புள்ளி என்று வைக்காமல், ல-ள மாற்றத்துக்குக் கால் புள்ளி, ல-க மாற்றத்துக்கு முழுப் புள்ளி என்று எடை போடலாம். ஆங்கில விசைகளில் அடித்துத் தமிழாக்கும் முறைகளில் ஷிஃப்டை அழுத்த மறந்தாலே ‘ள’ ‘ல’ ஆகிவிடும், ‘ண’ ‘ன’ ஆகிவிடும். காதுப்பிழையும் கைப்பிழையும் இந்த ஓர் இடத்தில் கைகோத்துக்கொள்வதால் இந்த எடைகள் நன்றாகப் பலன் தருகின்றன.

நான் போட்ட நிரலில் தொலைவு கன்னாபின்னாவென்று வருகிறதே?

எதை எண்ணுகிறீர்கள் என்று பாருங்கள். ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து. எழுத்துக்கு எண் கொடுக்கும் பொது அட்டவணையான யூனிகோடில் ஐந்து குறியீடு: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. யூடிஎஃப்-8-இல் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் (கணினிச் சேமிப்பின் சிறு அலகு), மொத்தம் 15. பிஹெச்பி மொழியில் உள்ள லெவன்ஷ்டைன் செயல்கூறு பைட் கணக்கில்தான் போகும். அங்கே ‘கி’ ‘கா’ ஆனால் தொலைவு 1, ‘கி’ ‘கு’ ஆனால் 2. இகரக் குறியும் உகரக் குறியும் யூனிகோடு அட்டவணையில் ஒரு எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விழுந்ததால் வந்த வினை. தமிழுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பைட் கணக்கு கூடவே கூடாது. எழுத்துக் கணக்கா, யூனிகோடு குறியீட்டுக் கணக்கா என்பதில் எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ‘கிளி’, ‘குழி’ இரண்டையும் எழுத்தாகப் பார்த்தால் பொதுவாக ஒன்றுமே இல்லை. குறியீடாகப் பார்த்தால் ககரமும் கடைசி இகரமும் பொது என்று தெரிகிறது. எழுத்தாகவே பிரிக்க வேண்டுமென்றால் ‘ஓப்பன்-தமிழ்’ என்ற பைத்தான் தொகுப்பில் அதற்கு வசதி இருக்கிறது.

கண்ணுக்கு அச்சாக ஒன்றாகவே தெரிகிறது, ஆனால் பொருந்தவில்லை. பேயா பிசாசா?

இதுதான் அதிகம் வரும் புகார். சில இடங்களைத் தட்டிப் பாருங்கள்.

‘கொ’ என்பதை ஒரே ஒகரக் குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். திரையில் ஒன்று, உள்ளே இரண்டு. யூனிகோடு சீராக்கம், அதாவது இப்படிப்பட்டவற்றை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் வேலை, ஒருமுறை செய்தால் இது தீர்ந்துவிடும்.

சீராக்கத்துக்குப் பிடிபடாதவை வேறு. ‘ஔ’ என்பதற்குப் பதில் ‘ஒ’வும் ‘ள’வும் அடிப்பவர்கள் ஏராளம். ‘ர்’ வர வேண்டிய இடத்தில் துணைக்காலும் புள்ளியும் போட்டு வைத்திருப்பார்கள். செய்தித் தளங்களில்கூட இதைப் பார்க்கலாம். ‘எ’ என்று நினைத்துத் தமிழ் எண் ஏழைப் போட்டிருப்பார்கள். ‘ஸ்ரீ’யில் முதல் எழுத்து ‘ஸ’வா ‘ஶ’வா என்பது எழுத்துருவில் தெரியாது. இதெல்லாம் கண்பிழை, ஒலிக்குறிக்கு முன்னால் இவற்றுக்கென்று தனியாக ஒரு சல்லடை வேண்டும். அப்புறம், கண்ணுக்கே தெரியாத இணைப்பான் குறிகளும் வெற்றிடங்களும். முதலில் அவற்றைத் துடைத்தெறியுங்கள்.

எத்தனை மதிப்பெண் வந்தால் ஒரே ஆள் என்று முடிவு செய்யலாம்?

பெயரை மட்டும் வைத்து முடிவே செய்யாதீர்கள். ‘லட்சுமி’, ‘லக்ஷ்மி’ இடையே எழுத்துத் தொலைவு 2. ‘கலைச்செல்வன்’, ‘கலைச்செல்வி’ இடையேயும் 2 தான். முன்னது ஒரே ஆள். பின்னது அண்ணனும் தங்கையும்.

ஓர் அமைப்பின் உறுப்பினர் பட்டியலைச் சுத்தம் செய்தபோது நானே இதில் மாட்டினேன். இனிஷியல் ஒன்று, முகவரி ஒன்று, பிறந்த தேதியும் ஒன்று, பெயரில் கடைசி எழுத்து மட்டும் கொஞ்சம் வேறு. தட்டச்சுப் பிழை என்று இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன். இரட்டைக் குழந்தைகள்! நம் வீடுகளில் பிள்ளைகளுக்குத் தலையெழுத்து ஒன்றாக வருவதும், பெயரின் முன்பாதியை ஒன்றாக வைப்பதும் எவ்வளவு சகஜம். ஜாரோ-விங்க்ளர் என்று ஓர் அளவை இருக்கிறது. தொடக்கம் ஒத்துப்போனால் கூடுதல் மதிப்பெண் கொடுக்கும். அமெரிக்கப் பெயர்களுக்கு நல்ல கருவி. தமிழ்க் குடும்பங்களில் அண்ணனையும் தங்கையையும் ஒட்டவைக்க அதைவிட எளிய வழி இல்லை.

ஆகவே மூன்று கூடை வையுங்கள்: நிச்சயம் ஒன்று, நிச்சயம் வேறு, மனிதர் பார்க்க வேண்டியது. ‘ன்’, ‘இ’ என்று பால் காட்டும் ஈறு மாறினால் மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் மூன்றாவது கூடைக்கு அனுப்புங்கள்.

கட்டுரைகளில் சொல் தேட இதே முறை உதவுமா?

‘மரம்’ என்பதிலிருந்து ‘மரபு’ ஒரு திருத்தம். ‘மரத்தில்’ மூன்று திருத்தம். திருத்தத் தொலைவைக் கேட்டால் மரத்துக்கு மரபுதான் நெருங்கிய சொந்தம் என்று சொல்லும். வேற்றுமை உருபை உரித்துப் பகுதியைக் கண்டுபிடிப்பது தனி வேலை. அது முடிந்த பிறகுதான் இந்த முறைகள்.

ஒரு லட்சம் பெயர் இருந்தால் நேரம் எடுக்காதா?

எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் ஏறக்குறைய 500 கோடி ஜோடி. யாரும் அப்படிச் செய்வதில்லை. ஒலிக்குறி ஒன்றாக உள்ளவர்களை, அல்லது பிறந்த ஆண்டும் ஊரும் ஒன்றாக உள்ளவர்களை ஒரு கட்டாகக் கட்டி, கட்டுக்குள் மட்டும் ஒப்பிடுவார்கள். ஒரே ஒரு வகைக் கட்டு போதாது. லச்சுமி ஒலிக்குறிக் கட்டில் தப்பினாலும் ஊர்க் கட்டில் அகப்படுவாள்.

இணைத்த பிறகு எந்த ஸ்பெல்லிங்கை வைத்துக்கொள்வது?

வந்தது அத்தனையும். ஒலிக்குறியைத் தனிப் பத்தியில் போடுங்கள். மூலப் பெயர் இருந்த பத்தியைத் தொடாதீர்கள். எந்தப் பதிவு எதனோடு, எந்த விதியால் சேர்ந்தது என்றும் குறித்து வையுங்கள். அந்த இரட்டையரை நான் பிரித்து வைக்க முடிந்தது பழைய கோப்பை அழிக்காமல் வைத்திருந்ததால்தான்.